லினக்ஸில் ஆபீஸ் மெயில்: எவல்யூஷன், தண்டர்பேர்ட், டேவ்மெயில், எட்ஜ் - எது எங்கே மாட்டிக்கொள்கிறது

மைக்ரோசாப்ட் 365-இல் மெயில் வைத்திருக்கும் கம்பெனியின் ஐடி உதவிப் பக்கத்தைத் திறந்தால் விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு, ஐபோன் என்று நான்கு படம் இருக்கும். லினக்ஸுக்கு இருக்காது. கேட்டால் "சப்போர்ட் கிடையாது" என்று பதில் வரும். அந்தப் பதிலுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், எங்களிடம் கேட்காதீர்கள்" என்பது ஒன்று. "உள்ளே விடமாட்டோம்" என்பது இன்னொன்று. உங்கள் கம்பெனி சொல்வது எது என்று தெரிந்துகொள்ளாமல் எந்த மென்பொருளை நிறுவினாலும் பாதி நாள் வீண்.

அவுட்லுக் லினக்ஸுக்கு வந்ததே இல்லை. டீம்ஸ் வந்தது, 2022 டிசம்பரில் அதையும் எடுத்துவிட்டு, பிரவுசரில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஆக, இன்று உருப்படியான வழிகள் நான்கு: எவல்யூஷன், தண்டர்பேர்ட் என்ற இரண்டு மெயில் செயலிகள், இடையில் நின்று மொழிபெயர்க்கும் டேவ்மெயில், பிரவுசர். "இதில் எது பெஸ்ட்?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். இங்கே மென்பொருளின் தரம் இரண்டாம் பட்சம். உங்கள் கம்பெனி அட்மின் எந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார் என்பதுதான் முதல். அதே எவல்யூஷன் ஒரு கம்பெனியில் ஐந்து நிமிடத்தில் ஓடும், அடுத்த கம்பெனியில் லாகின் திரையைத் தாண்டாது.

முதலில் பூட்டுகள்

365-இன் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் வெறும் யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போகும் பழைய முறையை 2022 அக்டோபர் 1 முதல் மைக்ரோசாப்ட் மூடத் தொடங்கியது. மெயில் செயலி சர்வரோடு பேசும் வழிகளான ஐமேப், பாப், ஈடபிள்யூஎஸ் (எக்ஸ்சேஞ்ச் வெப் சர்வீசஸ்), ஆக்டிவ்சிங்க் எல்லாமே இதில் அடக்கம். அதற்கு முன் எழுதிய எந்த வழிகாட்டியும் இன்று உதவாது. "ஆப் பாஸ்வேர்டு எடுத்துப் போடுங்கள்" என்று சொல்லும் பக்கங்களும் அப்படித்தான். இப்போது இருப்பது ஓஆத்2. செயலி உங்கள் பாஸ்வேர்டைக் கையில் வாங்காது. மைக்ரோசாப்டின் லாகின் பக்கத்தைத் திறந்து காட்டும். நீங்கள் போனில் ஆத்தென்டிகேட்டரைத் தட்டி ஒப்புக்கொண்டதும், செயலிக்கு ஒரு டோக்கன் கிடைக்கும். பிறகு அந்த டோக்கன்தான் எல்லாம்.

இந்த ஏற்பாட்டில் அட்மின் போடக்கூடிய பூட்டு மூன்று. ஐமேப், மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி போன்றவற்றை உங்கள் மெயில்பாக்ஸுக்கு அணைத்து வைக்கலாம். எவல்யூஷன், தண்டர்பேர்ட் போன்ற வெளிச் செயலிகளுக்கு ஊழியர் தானாகச் சம்மதம் கொடுப்பதைத் தடுக்கலாம். கம்பெனி நிர்வாகத்தில் பதிவான கருவியிலிருந்து மட்டுமே லாகின் என்று விதி வைக்கலாம். எந்தப் பூட்டில் முட்டியிருக்கிறீர்கள் என்பதை லாகின் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் வரும் எண் சொல்லிவிடும். ஏஏடிஎஸ்டிஎஸ் என்று தொடங்கும் எண் அது. பலர் அதைப் படிக்காமல் ஜன்னலை மூடிவிட்டு மறுபடி பாஸ்வேர்டைத் தட்டிக்கொண்டிருப்பார்கள்.

65001 அல்லது 90094 வந்தால் இரண்டாம் பூட்டு: செயலிக்குச் சம்மதம் இல்லை, அட்மின் கொடுக்க வேண்டும். 53003 என்றால் நிபந்தனை விதி ஒன்று தடுக்கிறது. 53000 என்றால் கருவி விதிக்கு உட்படவில்லை. 53001 என்றால் கருவி கம்பெனி டொமைனில் சேரவில்லை. 700016 வந்தால் செயலியின் அடையாள எண்ணையோ டெனன்ட் (365-இல் உங்கள் கம்பெனியின் கணக்கு) எண்ணையோ தப்பாகப் போட்டிருக்கிறீர்கள். இது ஒன்றுதான் உங்கள் கையில் சரியாகும் பிழை.

எதையும் நிறுவும் முன் செய்ய வேண்டிய சோதனை எளிது. லினக்ஸில் இருக்கும் பயர்பாக்ஸில் அவுட்லுக் வெப்பைத் திறந்து பாருங்கள். இன்பாக்ஸ் வந்தால் மூன்றாம் பூட்டு பெரும்பாலும் இல்லை, தொடர்ந்து படியுங்கள். "யூ காண்ட் கெட் தேர் ஃப்ரம் ஹியர்" என்று வழி மறித்தால் நேராக எட்ஜ் பகுதிக்குப் போய்விடுங்கள். மெயில் கிளையன்ட் எதுவும் உங்களுக்கு ஓடப்போவதில்லை.

எவல்யூஷன்: அவுட்லுக்குக்கு மிக அருகில் வருவது

மெயில், காலண்டர், தொடர்புகள், டாஸ்க், கம்பெனி முகவரிப் புத்தகம், விடுமுறைத் தானியங்கிப் பதில் எல்லாம் ஒரே கணக்கில், கூடுதல் காசில்லாமல் வேண்டுமென்றால் லினக்ஸில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். முகம் பழசு. இரண்டாயிரத்துகளின் தொடக்கத்து அவுட்லுக்கைப் பார்த்து வரைந்தது என்பது பார்த்தவுடன் தெரியும். ஆனால் வேலைக்கு ஆகும்.

எவல்யூஷனை மட்டும் நிறுவினால் எக்ஸ்சேஞ்ச் என்ற சொல்லே பட்டியலில் வராது. எவல்யூஷன்-ஈடபிள்யூஎஸ் என்ற தனிப் பொதியையும் நிறுவ வேண்டும். உபுண்டு, டெபியன், ஃபெடோரா மூன்றிலும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. எல்லா லினக்ஸுக்கும் பொதுவான ஃபிளாட்பேக் பொதியாக எடுத்தால் அது உள்ளேயே வந்துவிடும். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பான எல்டிஎஸ்ஸில் வரும் எவல்யூஷன் பழசாக இருக்கும் என்பதால் ஃபிளாட்பேக்கே நல்லது.

இன்னொரு பொறி, ஜினோம் டெஸ்க்டாப்பின் செட்டிங்ஸில் உள்ள ஆன்லைன் கணக்குகள் பக்கம். அங்கே எக்ஸ்சேஞ்ச் என்று ஒன்று இருக்கும். அது கம்பெனிக்குள்ளேயே வைத்திருக்கும் பழைய எக்ஸ்சேஞ்ச் சர்வருக்குப் பாஸ்வேர்டு வழியாகப் போக உதவும். 365 கணக்கை அதில் போட்டு மல்லுக்கட்ட வேண்டாம். எவல்யூஷனுக்குள்ளிருந்தே கணக்கைச் சேருங்கள்.

புதிய மெயில் கணக்கு என்று தொடங்கி, பெயர், மெயில் முகவரி கொடுத்ததும், சர்வர் விவரத்தைத் தானே தேடும் டிக்கை எடுத்துவிடுங்கள். அதை விட்டால் ஐமேப் என்று முடிவு கட்டிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிடும். சர்வர் வகையில் எக்ஸ்சேஞ்ச் வெப் சர்வீசஸ். யூசர்நேம் முழு மெயில் முகவரி. அடையாளச் சரிபார்ப்பில் ஓஆத்2, ஆபீஸ்365. பிறகு முகவரியை எடுத்து வரும் பட்டனை அழுத்தினால் லாகின் ஜன்னல் திறக்கும். அது முடிந்ததும் இரண்டு முகவரிகள் தானே நிரம்ப வேண்டும்: ஒன்று மெயிலுக்கு, மற்றது ஆஃப்லைன் முகவரிப் புத்தகத்துக்கு. இரண்டாவது பெட்டி காலியாக இருந்தால், மெயில் எழுதும்போது சக ஊழியர் பெயர்கள் வந்து விழாது. அடுத்த பக்கத்தில் முகவரிப் புத்தகத்தைச் சேமித்து வைக்கும் டிக்கைப் போட்டு, பட்டியலை எடுத்து, குளோபல் அட்ரஸ் லிஸ்ட்டைத் தேர்ந்தெடுங்கள். சர்வர் மாற்றங்களைக் கவனிக்கும் டிக்கையும் அங்கேயே போட்டுவிடுங்கள். போடாவிட்டால் புது மெயில் உடனுக்குடன் வராது. குறித்த இடைவெளியில் போய்ப் பார்த்து எடுத்து வரும். "எவல்யூஷன் லேட்டு" என்ற புகாரில் பாதி இதுதான்.

பொது மெயில்பாக்ஸ், மேலாளரின் காலண்டர் போன்றவற்றுக்குக் கணக்கின் மேல் வலது கிளிக் செய்து, வேறொருவரின் ஃபோல்டரைச் சேர்க்கும் வழி இருக்கிறது. அவர் உங்களுக்கு அனுமதி கொடுத்திருந்தால் இன்பாக்ஸும் காலண்டரும் வரும்.

குறைகளுக்கு வருவோம். யூஎஸ்பி பாதுகாப்புச் சாவியால் லாகின் செய்யச் சொல்லும் கம்பெனியில், எவல்யூஷனுக்குள் திறக்கும் சின்ன ஜன்னல் அந்தச் சாவியைக் கண்டுகொள்ளாது. அந்த ஜன்னலைக் காட்டும் வெப்கிட் என்ற பிரவுசர் எஞ்சினுக்கு அந்தத் திறன் இல்லை. புதிய பதிப்புகளில் அந்தப் பக்கத்தை வெளி பிரவுசரில் திறக்கும் வசதி வந்துவிட்டது, அதைப் பயன்படுத்துங்கள். அடுத்தது டோக்கன் சேமிப்பு. எவல்யூஷன் டோக்கனை, பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் ஜினோம் கீரிங்கில் வைக்கிறது. எக்ஸ்எஃப்சிஇ, ஐ3 போன்ற டெஸ்க்டாப் சூழல்களில், அல்லது பாஸ்வேர்டு கேட்காமல் தானே லாகின் ஆகும் கணினியில், கீரிங் பூட்டியே கிடக்கும். விளைவு, ஒவ்வொரு முறையும் மைக்ரோசாப்ட் பக்கம் வந்து நிற்கும். குற்றம் மைக்ரோசாப்டின் மேல் விழும், காரணம் கீரிங்.

மூன்றாவது, பின்னணியில் ஓடும் துணைச் செயலிகள். எவல்யூஷன் ஜன்னலை மூடினாலும் காலண்டர், முகவரிப் புத்தகத்துக்கான செயலிகள் உயிரோடுதான் இருக்கும். கணக்கு அமைப்பை மாற்றிய பிறகும் பழைய பிழையே திரும்ப வந்தால், டெர்மினலில் எவல்யூஷனை ஃபோர்ஸ்-ஷட்டவுன் விருப்பத்தோடு ஓட்டுங்கள். அல்லது லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள். ஜன்னலை மூடித் திறப்பதால் ஒன்றும் மாறாது.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம் ஒன்று. ஈடபிள்யூஎஸ் என்ற அந்த வழிக்கே நாள் குறித்தாகிவிட்டது. எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் 2026 அக்டோபரிலிருந்து அதை மூடப்போவதாக 2023-லேயே மைக்ரோசாப்ட் அறிவித்துவிட்டது. அதற்குப் பதில் கிராஃப் என்ற வழி. கம்பெனிக்குள் இருக்கும் எக்ஸ்சேஞ்ச் சர்வருக்கு இது பொருந்தாது, 365-க்குப் பொருந்தும். எவல்யூஷன்-ஈடபிள்யூஎஸ் பொதிக்குள்ளேயே கிராஃப் வழிக் கணக்கு வகை ஒன்று, மைக்ரோசாப்ட் 365 என்ற பெயரில் சேர்ந்திருக்கிறது. புதிதாகக் கணக்கு போடுபவர்கள், பதிப்பு புதிதாக இருந்தால், அதையும் ஒருமுறை முயன்று பாருங்கள். எல்டிஎஸ்ஸின் பழைய பதிப்பில் உட்கார்ந்திருந்தால் ஒரு நாள் காலை இன்பாக்ஸ் வராது. ஃபிளாட்பேக்கை மேலே பரிந்துரைத்ததற்கு இதுவும் காரணம்.

தண்டர்பேர்ட்: மெயிலுக்குச் சரி, காலண்டருக்கு இல்லை

மெயில் மட்டும் போதும் என்பவருக்குத் தண்டர்பேர்ட் வசதி. தேடல், வடிகட்டி, டேக், பல கணக்குகளை ஒன்றாகப் பார்ப்பது இவற்றில் எவல்யூஷனை விட ஒரு படி மேல். ஐமேப் திறந்திருக்கும் கம்பெனியில் வரும் மெயிலுக்கு அவுட்லுக் டாட் ஆபீஸ்365 டாட் காம், போர்ட் 993, எஸ்எஸ்எல். அனுப்புவதற்கு எஸ்எம்டிபி டாட் ஆபீஸ்365 டாட் காம், போர்ட் 587, ஸ்டார்ட்டிஎல்எஸ். இரண்டிலும் அடையாளச் சரிபார்ப்பு ஓஆத்2.

"இரண்டிலும்" என்பதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தண்டர்பேர்டில் அனுப்பும் சர்வரின் அமைப்பு தனிப் பக்கத்தில், பட்டியலின் அடியில் இருக்கும். வரும் பக்கத்தை மட்டும் ஓஆத்2-க்கு மாற்றிவிட்டு, அனுப்பும் பக்கம் சாதாரணப் பாஸ்வேர்டிலேயே நிற்பது அடிக்கடி நடப்பது. மெயில் வரும், போகாது. தண்டர்பேர்டில் குக்கீயை அணைத்து வைத்திருந்தால் லாகின் ஜன்னல் சுற்றிச் சுற்றி முதல் பக்கத்துக்கே வரும்; அதையும் பாருங்கள்.

அனுப்பும்போது 535 5.7.139 என்று வந்து, எஸ்எம்டிபி கிளையன்ட் ஆத்தென்டிகேஷன் அணைக்கப்பட்டிருக்கிறது என்று சொன்னால் உங்கள் பக்கம் தவறில்லை. பாதுகாப்பு இயல்புநிலையை (செக்யூரிட்டி டிஃபால்ட்ஸ்) இயக்கிய டெனன்ட்களில் அது அணைந்தே இருக்கும். அட்மின் முழுக் கம்பெனிக்கும் திறக்க வேண்டியதில்லை, உங்கள் ஒரு மெயில்பாக்ஸுக்கு மட்டும் திறக்க முடியும். கேட்கும்போது அதையும் சேர்த்துச் சொன்னால் பதில் வேகமாக வரும். லாகின் எல்லாம் முடிந்தும் ஐமேப் பக்கத்தில் "யூசர் இஸ் ஆத்தென்டிகேட்டட் பட் நாட் கனெக்டட்" என்று வந்தால், டோக்கன் சரி, மெயில்பாக்ஸ் கதவு மூடியிருக்கிறது என்று பொருள். ஐமேப் அணைந்திருக்கலாம், அல்லது லாகின் செய்த முகவரியும் யூசர்நேம் பெட்டியில் இருக்கும் முகவரியும் வேறாக இருக்கலாம். கம்பெனி பெயர் மாறி, ஒருவருக்கே இரண்டு முகவரிகள் இருக்கும் இடங்களில் இரண்டாவது காரணத்தை முதலில் பாருங்கள்.

2025 நவம்பரில் வந்த 145-ஆம் பதிப்பிலிருந்து தண்டர்பேர்டே எக்ஸ்சேஞ்ச் பேசத் தொடங்கிவிட்டது. ஆட்ஆன் எதுவும் வேண்டாம், ஐமேப்பும் எஸ்எம்டிபியும் மூடியிருந்தாலும் பரவாயில்லை. இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அது பிடித்திருப்பது அதே ஈடபிள்யூஎஸ் வழியை. அந்தப் பதிப்பு கொண்டுவந்தது மெயிலை மட்டும்; காலண்டரும் முகவரிப் புத்தகமும் அதில் இல்லை. நீண்டகால ஆதரவுப் பதிப்பான 140-இல் இருப்பவர்கள் மாதாந்தரப் பதிப்புக்கு மாறினால்தான் இது முழுமையாகக் கிடைக்கும்.

காலண்டர் இல்லாததை "அதனால் என்ன, மீட்டிங் அழைப்பு மெயிலில் வருமே" என்று தள்ளிவிட முடியாது. காலை பத்து மணி மீட்டிங்குக்கு அழைப்பு வருகிறது. தண்டர்பேர்டில் ஏற்பு பட்டனை அழுத்துகிறீர்கள். உங்கள் ஏற்பு அழைத்தவருக்கு மெயிலாகப் போய்ச் சேர்ந்துவிடும். அவர் பட்டியலில் நீங்கள் வருகிறவர். ஆனால் கணினியில் பதிவானது தண்டர்பேர்டின் உள்ளூர் காலண்டரில். சர்வரில் இருக்கும் உங்கள் காலண்டரில் எக்ஸ்சேஞ்ச் அழைப்பைப் பார்த்தவுடன் போட்டுவைத்த "டென்டேட்டிவ்" அப்படியே நிற்கும். டீம்ஸைத் திறந்தால் கோடு போட்ட பெட்டியாகத் தெரியும். மேலாளர் உங்கள் நேரத்தைப் பார்த்தால் உறுதியில்லாதவர் போலத் தெரியும். நாளைக்கு மீட்டிங் நேரம் மாறினால் இரண்டு காலண்டரும் இரண்டு நேரம் காட்டும். ஐமேப்பில் மெயில் பார்ப்பவர்கள் அழைப்புக்கான பதிலை மட்டும் அவுட்லுக் வெப்பில் கொடுப்பது பாதுகாப்பானது.

அவுல் என்ற ஆட்ஆன் தண்டர்பேர்டுக்கு எக்ஸ்சேஞ்ச் மெயிலையும் காலண்டரையும் கொண்டுவரும், ஆண்டுச் சந்தா உண்டு. தண்டர்பேர்டை விட்டு வர மனமில்லாதவர்கள் பார்க்கலாம். எவல்யூஷன் சும்மா செய்வதற்குக் காசு கொடுக்கிறோம் என்ற உணர்வு வராமல் இருக்காது.

டேவ்மெயில்: மொழிபெயர்ப்பாளர்

டேவ்மெயில் மெயில் செயலி அல்ல. உங்கள் கணினியிலேயே ஓடி, ஒரு பக்கம் எக்ஸ்சேஞ்சோடும் மறுபக்கம் உங்களுக்குப் பிடித்த செயலியோடும் பேசும் ஜாவா நிரல். டெர்மினலில் ஓடும் மட், கேமெயில், தண்டர்பேர்ட் எதுவானாலும், ஐமேப்பும் காலண்டருக்கான கால்டாவும் தெரிந்தால் போதும். கம்பெனியில் ஐமேப் மூடியிருந்தாலும் ஈடபிள்யூஎஸ் திறந்திருந்தால் ஓடும். இயல்பான போர்ட்கள்: ஐமேப் 1143, எஸ்எம்டிபி 1025, கால்டாவ் 1080, முகவரிப் புத்தகத்துக்கான எல்டாப் 1389, பாப் 1110. செயலியில் சர்வர் லோக்கல்ஹோஸ்ட், பாதுகாப்பு எதுவுமில்லை, சாதாரணப் பாஸ்வேர்டு. "பாதுகாப்பு இல்லை" என்றதும் பதற வேண்டாம். அந்த ஓட்டம் உங்கள் கணினியை விட்டு வெளியே போவதில்லை. வெளிக் கணினிகளை அனுமதிக்கும் அமைப்பை மட்டும் தொடாதீர்கள்.

லாகின் வகையில் இன்டராக்டிவ், மேனுவல் என்று இரண்டைப் பார்ப்பீர்கள். இன்டராக்டிவுக்கு ஓப்பன்ஜேஎஃப்எக்ஸ் பொதி வேண்டும், அதில் பாதுகாப்புச் சாவி ஓடாது. மேனுவல் பார்க்க அசிங்கமாக இருந்தாலும் நம்பகமானது. அது ஒரு முகவரியைக் கொடுக்கும். அதை உங்கள் வழக்கமான பிரவுசரில் திறந்து லாகின் செய்கிறீர்கள். கடைசியில் ஒரு வெற்று வெள்ளைப் பக்கம் வரும். ஏதோ உடைந்துவிட்டது என்று அதை மூடிவிடாதீர்கள். வேண்டியது அந்தப் பக்கத்தின் முகவரிப் பட்டையில்தான் இருக்கிறது. நீளமான அந்த முகவரியை முழுதாக எடுத்து டேவ்மெயில் ஜன்னலில் ஒட்டினால் வேலை முடிந்தது. இதைச் செய்வதற்குள் தண்டர்பேர்ட் பொறுமை இழந்து இணைப்பு நேரம் கடந்துவிட்டது என்று சொல்லும். இயல்பு அளவு 100 வினாடி. கவலைப்படாமல் மறுபடி இன்பாக்ஸைக் கிளிக் செய்யுங்கள்.

டோக்கனைச் சேமிக்கும் அமைப்பைப் போடாவிட்டால் கணினியைத் திறக்கும்போதெல்லாம் இந்தச் சடங்கு. போட்டால், செயலியில் நீங்கள் கொடுத்த பாஸ்வேர்டைக் கொண்டு டோக்கனைப் பூட்டி வைக்கிறது. இங்கே ஒரு நுணுக்கம். அந்தப் பாஸ்வேர்டு உங்கள் ஆபீஸ் பாஸ்வேர்டாக இருக்க வேண்டிய அவசியமில்லை, எதுவாகவும் இருக்கலாம். ஆனால் மெயிலுக்கும் காலண்டருக்கும் ஒரே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். வேறு வேறு கொடுத்தால் ஒன்று பூட்டியதை மற்றது திறக்க முடியாமல் லாகின் ஜன்னல் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும்.

இன்னொன்று, தெரியாமல் விட்டால் வலிக்கும். டேவ்மெயில் குப்பை ஃபோல்டரில் 30 நாளைத் தாண்டிய மெயில்களைத் தானே அழிக்கும், இயல்பு அமைப்பே அப்படி. அழித்த மெயிலைக் குப்பையில் போட்டு ஆறு மாதம் கழித்துத் தேடி எடுக்கும் பழக்கம் ஆபீஸில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. முதல் முறை இணைக்கும் முன்பே அந்த நாள் எண்ணிக்கையைப் பூஜ்யமாக மாற்றுங்கள். அனுப்பிய மெயில் இரண்டு நகலாகத் தெரிந்தால், டேவ்மெயிலும் செயலியும் ஆளுக்கொரு நகல் வைக்கின்றன என்று அர்த்தம். தண்டர்பேர்டில் நகல் வைக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

இதற்கும் ஈடபிள்யூஎஸ் கெடு உண்டு. கிராஃப் வழியைச் சோதனை அளவில் சேர்த்திருக்கிறார்கள். இப்போதைக்குச் சொல்வதானால், ஐமேப் மூடியிருக்கும் கம்பெனியில் டெர்மினலில் மெயில் படிப்பவர்களுக்கு டேவ்மெயில் கைகொடுக்கும். மற்றவர்கள் எவல்யூஷனோடு நிறுத்திக்கொள்ளலாம்; உடையக்கூடிய கண்ணி ஒன்று குறையும்.

பிரவுசர், எட்ஜ், இன்ட்யூன்

அலங்காரம் வேண்டாம், வேலை நடந்தால் போதும் என்றால் அவுட்லுக் வெப். புதிய விண்டோஸ் அவுட்லுக்கே உள்ளுக்குள் வெப்தான் என்பதால், விண்டோஸ்காரர்களுக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி இங்கேயும் கிடைக்கிறது. குரோமிலோ எட்ஜிலோ அதைத் தனிச் செயலியாக நிறுவிக்கொண்டால் தனி ஜன்னல், தனி ஐகான், அறிவிப்புகள் எல்லாம் வரும். லினக்ஸ் பயர்பாக்ஸில் அப்படி நிறுவ முடியாது. இதே பக்கத்தை உறை போட்டு "லினக்ஸ் அவுட்லுக்" என்று யாரோ வெளியிடும் ஸ்னாப், ஃபிளாட்பேக் பொதிகளும் உண்டு. பிரவுசர் சும்மா செய்வதைச் செய்வதற்காக ஆபீஸ் லாகினை மூன்றாம் ஆளின் உறைக்குள் தட்டுவானேன்?

பதிவாகாத கருவியில் வெப் திறந்தாலும் இணைப்பைப் பதிவிறக்க விடாமல் தடுக்கும் விதி ஒன்று உண்டு. மேலே ஒரு பட்டை வந்து, பார்க்கலாம், இறக்க முடியாது என்று சொல்லும். அதைச் சுற்றிப்போக லினக்ஸில் வழி இல்லை, தேடவும் வேண்டாம்.

பூட்டு மூன்றாவது வகையாக இருந்தால் மைக்ரோசாப்டே ஒரு வழி வைத்திருக்கிறது. கருவிகளைப் பதிந்து விதிகளைச் சோதிக்கும் அதன் இன்ட்யூன் சேவை 2022 அக்டோபர் முதல் லினக்ஸுக்கும் வந்திருக்கிறது. உபுண்டு எல்டிஎஸ் டெஸ்க்டாப், ஜினோம், 64-பிட் இன்டெல் வகைச் சிப். பிறகு ரெட் ஹேட்டையும் சேர்த்தார்கள். மின்ட், ஆர்ச் எல்லாம் வரிசையில் இல்லை. மைக்ரோசாப்டின் பொதிக் களஞ்சியத்தைச் சேர்த்து, இன்ட்யூன்-போர்ட்டலையும் எட்ஜையும் நிறுவி, போர்ட்டலில் லாகின் செய்து கருவியைப் பதிய வேண்டும். அதன் பிறகு எட்ஜ் வழியாக மட்டும் கதவு திறக்கும். பயர்பாக்ஸில் அதே பக்கம் அப்போதும் மூடியே இருக்கும், அது பிழையல்ல.

இங்கே ஆட்கள் விழும் இடம் இரண்டு. விதியில் டிஸ்க் குறியாக்கம் கேட்டிருந்தால், அதை உபுண்டு நிறுவும்போதே போட்டிருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் பிறகு சேர்ப்பது பெரும்பாடு. பேக்கப் எடுத்துவிட்டு மறுபடி நிறுவுவதே நடைமுறை. ஆகவே போர்ட்டலை நிறுவும் முன்பே ஐடியிடம் குறியாக்கம் வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். இரண்டாவது, பாஸ்வேர்டு விதி. உங்கள் பாஸ்வேர்டு இருபது எழுத்து இருந்தாலும் இன்ட்யூனுக்குக் கவலையில்லை. லினக்ஸின் லாகினைக் கையாளும் பாம் அமைப்பில், பாஸ்வேர்டின் தரத்தைச் சோதிக்கும் பிடபிள்யூகுவாலிட்டி வரியில் குறைந்தபட்ச நீளம் எழுதியிருக்கிறதா என்றுதான் அது பார்க்கிறது. பிடபிள்யூகுவாலிட்டி பொதியை நிறுவி, அந்த வரியைத் திருத்திவிட்டு, போர்ட்டலில் மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள்.

சொந்தக் கணினியை இப்படிப் பதிவது கம்பெனிக்கு அதன் நிலையைப் பார்க்கும் உரிமையைக் கொடுப்பதாகும். வீட்டுப் பிள்ளைகளும் பயன்படுத்தும் கணினி என்றால் யோசியுங்கள்.

பிரவுசர் தன்னைப் பற்றிச் சொல்லும் யூசர் ஏஜென்ட் வரியை விண்டோஸ் என்று மாற்றிக் காட்டும் தந்திரம் சில இடங்களில் ஓடும். விதி வெறும் இயங்குதளப் பெயரை மட்டும் பார்த்தால் ஏமாறும், கருவிப் பதிவைப் பார்த்தால் ஏமாறாது. ஓடினாலும் லாகின் பதிவேட்டில் உங்கள் பெயரோடு நிற்கும். வேலையைப் பணயம் வைக்கும் அளவுக்கு இன்பாக்ஸ் ஒன்றும் பெரிதில்லை.

சில்லறை

எந்தக் கிளையன்டாக இருந்தாலும் மெசேஜ் டாட் ஆர்பிஎம்எஸ்ஜி என்ற இணைப்போடு வரும் குறியாக்க மெயில் திறக்காது. அதற்கு அவுட்லுக் வெப் மட்டுமே. வின்மெயில் டாட் டேட் என்று வருவது அவுட்லுக்கின் சொந்தப் பொட்டலம். எவல்யூஷனில் டிஎன்இஎஃப் பிளகின்னும் தண்டர்பேர்டில் லுக்அவுட் ஆட்ஆனும் பிரித்துக் காட்டும். ஆபீஸ் பாஸ்வேர்டை மாற்றியதும் எல்லாச் செயலிகளும் ஒரே நேரத்தில் லாகின் கேட்டால் அது இயல்பு, பழைய டோக்கன்கள் செல்லாதாகிவிட்டன. விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் ஓட்டும் வைனில் அவுட்லுக்கை ஓட்டும் முயற்சியை ஆபீஸ் மெயிலுக்கு நம்ப முடியாது. லாகின் ஜன்னலிலேயே பெரும்பாலும் நின்றுவிடும்.

கம்பெனி ஜோஹோ மெயிலில் இருந்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. சென்னைக் கம்பெனியான அவர்கள் லினக்ஸுக்கே டெஸ்க்டாப் செயலி கொடுக்கிறார்கள். ஐமேப்பும் உண்டு, மெயில் அமைப்பில் அதை இயக்கிவிட்டு, இரட்டைச் சரிபார்ப்பு இருந்தால் தனிச் செயலிப் பாஸ்வேர்டு எடுக்க வேண்டும். கூகுள் ஒர்க்ஸ்பேஸில், அட்மின் தடுக்காத வரை, தண்டர்பேர்டும் எவல்யூஷனும் ஓஆத்2-இல் காலண்டரோடு சேர்த்தே ஓடுகின்றன.

ஐடிக்கு டிக்கெட் போடும்போது "லினக்ஸில் மெயில் வரவில்லை" என்று எழுதினால் அன்றே மூடிவிடுவார்கள். ஏஏடிஎஸ்டிஎஸ் எண், லாகின் பக்கத்தில் அதோடு வரும் கோரிக்கை எண், நேரம் மூன்றையும் கொடுங்கள். அட்மின் பதிவேட்டில் அந்த வரியை நேரே எடுத்துவிடலாம். செயலியின் பெயரையும் அது கேட்கும் அனுமதிகளையும் எழுதுங்கள்: ஐமேப் என்றால் ஐமேப் டாட் ஆக்சஸ்ஆஸ்யூசர் டாட் ஆல், எஸ்எம்டிபி டாட் சென்ட், எவல்யூஷன் என்றால் ஈடபிள்யூஎஸ் டாட் ஆக்சஸ்ஆஸ்யூசர் டாட் ஆல். பெயருக்கு அடியில் இன்னும் ஒரு வரி சேருங்கள்: இந்த அனுமதிகள் லாகின் செய்தவரின் சொந்த மெயில்பாக்ஸுக்கும் அவருக்கு ஏற்கெனவே பகிரப்பட்டவற்றுக்கும் மட்டுமே செல்லும், என்டர்பிரைஸ் அப்ளிகேஷன்ஸ் பக்கத்தில் "அசைன்மென்ட் ரிக்வயர்ட்" என்று போட்டு உங்கள் ஒருவருக்கு மட்டும் கொடுக்கலாம்.